புளி போட்டுத் தேய்த்த குழாய்கள்

நைனா,

சுகம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அப்படித் தொடங்கினால் நடுவில் எங்கேயாவது இளகிவிடுவேன், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் நான் கோயிலில் எழுந்து நின்று பேசினேன். உங்கம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாராவது இந்நேரம் உனக்கு ஃபோன் போட்டிருப்பார்கள். பிசகவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் இருக்காது. இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. வில்லியனூர் கடையில் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை உனக்கு ஓசூருக்கு அனுப்புகிறேன், இன்னொன்றை நம் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கட்டும், தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

போன மாதம் நீ பேசினாயே, அதிலிருந்து வருகிறேன். ஈஸ்டர் கழிந்ததும் நம் கோயிலில் உன் கல்யாணம், சுத்துக்கேணிப் பொண்ணு, எல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். வெள்ளைக்காரச் சாமியார்கள் கொண்டுவந்து வைத்த அந்தப் பழைய குழாய் ஆர்கனை ரிப்பேர் செய்து திறக்கப் போகிறார்கள், உன் கல்யாணப் பூசைக்கு சூசை மாஸ்டரே வந்து வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றாய். அவர் எதற்கு என்றேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய்: "அப்பா ஏதோ கஷ்டத்துல அந்தக் குழாய எடுத்துட்டாரு. மாஸ்டரே மன்னிச்சிட்டாரு. நீ இன்னும் இன்னாத்துக்கும்மா மூஞ்சியத் தூக்கி வெச்சினு கீற." ஊர் அப்படிச் சொல்லி இருபத்தோரு வருடமாகக் கேட்டிருக்கிறேன். நீ சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். உங்கப்பா திருடன் என்று நம்பிக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீ சோறு தின்றிருக்கிறாய், அவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாய், பெட்டியில் வைத்து மூடியிருக்கிறாய். உன் மேல் குற்றமில்லை. உனக்குச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

அவர் அந்தக் கோயிலில் என்ன வேலை பார்த்தார் என்றுகூட உனக்குச் சரியாகத் தெரியாது. கோயில் வாசலுக்கு மேலே பாட்டு மெத்தை இருக்கிறது அல்லவா, அங்கே முன்பக்கம் மாஸ்டர் உட்கார்ந்து வாசிப்பார். ஆர்கனுக்குப் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கிற இடத்தில் உங்கப்பா நிற்பார். அடிபம்பு மாதிரி ஒரு மரக்கை. அதை ஏற்றி இறக்கினால் உள்ளே தோல் துருத்தி காற்றால் நிரம்பும், அந்தக் காற்றுதான் குழாய்க்குப் போகும். ஒரு நூலில் சின்ன ஈயக்குண்டு தொங்கும். காற்று ஏற ஏற குண்டு இறங்கும், காற்று குறைந்தால் மேலே போகும். சுவரில் இரண்டு கரிக்கோடு. குண்டு அந்த இரண்டு கோட்டுக்கு நடுவிலேயே நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் பாட்டு தொய்ந்துவிடும், கீழ்க் கோட்டைத் தாண்டினால் தோல் கிழிந்துவிடும். பதினாறு வருடம் அந்தக் குண்டை அவர் கோடு தாண்ட விடவில்லை. பீடத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, சுவர்தான் தெரியும். பாட்டை வைத்து, இப்போது காணிக்கை, இப்போது வரிசையில் போய் அப்பம், நன்மை வாங்குகிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்வார். பூசை முடிந்து மாஸ்டர் கீழே இறங்கினால் நாலு பேர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கப்பா சட்டையைப் பிழிந்துகொண்டு பின்னால் வருவார். உனக்கு வருத்தமா இல்லையா என்று ஒருதரம் கேட்டேன். "எனக்கு இன்னா வருத்தம், என் காத்து இல்லன்னா அவரு சும்மா டைப் அடிச்சினு இருப்பாரு" என்று சொல்லிச் சிரித்தார். ஊர்த்தெருக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பதும் காலனிக்காரன் நின்று காற்றடிப்பதும் அந்த மெத்தை கட்டினதிலிருந்து வழக்கம், யாரும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு அதுவும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்.

அப்போது நான் மாஸ்டர் வீட்டில் வேலை பார்த்தேன். பாத்திரம், மாட்டுக் கொட்டாய், பெருவிழா வந்தால் வெள்ளையடிக்கிற வேலைகூட. நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்த வருடம் பெருவிழாவுக்கு பிஷப் வருகிறார் என்று ஊரே தடபுடலாக இருந்தது. மாஸ்டர் மனைவி, மாஸ்டரம்மா என்று சொல்வோமே, அவர்கள் மெத்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முன்வரிசைக் குழாயெல்லாம் கறுத்துப் போயிருக்கிறது, பிஷப் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார் என்று புலம்பினார்கள். மறுநாள் மாஸ்டரே, சாமியாரிடம் கேட்காமல், சின்னக் குழாய் ஒன்பதைக் கழற்றி, வீட்டு பெட்ஷீட்டில் சுற்றி, வண்டியில் வைத்துக் கொண்டுவந்து பின்கட்டில் போட்டார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பித்தளை விளக்கும் மெழுகுத்தட்டும் குவிந்து கிடந்தது. "அதோட இதையும் சேத்துத் தேச்சுடுடி, பளபளன்னு கண்ண பறிக்கணும்" என்றார்கள் மாஸ்டரம்மா.

எனக்குத் தெரிந்தது பாத்திரம் தேய்க்கிற வேலை. புளியைக் கரைத்து ஊற வைத்தேன். செங்கல்தூள் போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தேன். விளக்கு தேய்க்கிற அழுத்தம் இருந்தால்தானே கறை போகும். குழாய் அந்தப் பித்தளை விளக்கு மாதிரி இல்லை, நைனா, ஈயம், மெத்தென்று இருந்தது. அழுத்தின இடத்தில் என் கட்டைவிரல் பள்ளம் விழுந்தது. ஒவ்வொரு குழாய்க்கும் கீழே ஒரு வாய் இருக்கிறது, அதற்கு உதடும் இருக்கிறது. அந்த வாயில் தூசி அடைத்திருந்தது. ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்தேன், போகவில்லை, ஆணியை விட்டுக் குடைந்தேன். உதடு உள்ளே மடிந்துகொண்டது. அது தப்பு என்று எனக்குத் தெரியாது, சுத்தம் என்று நினைத்தேன். ஒன்பதையும் அப்படியே செய்து வெயிலில் காய வைத்தேன். சாயங்காலம் மாஸ்டர் வந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். கேஸ்கட் போன குக்கர் மாதிரி புஸ் என்று காற்று போனது, சத்தம் வரவில்லை. அடுத்ததை எடுத்தார், அதுவும் அப்படித்தான். ஒன்பதையும் ஊதினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே போய் மாஸ்டரம்மாவோடு ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்து, என்னைத் திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "இது கோயில் சொத்து. வெளிய தெரிஞ்சா ஒடச்சது நீதான்னு ஆவும். போலீஸ் வரும். புள்ள இருக்கான் உனக்கு." குழாய்களை அதே பெட்ஷீட்டில் கட்டி, அவர்கள் கரும்புக் கொல்லையில் தண்ணீர் வற்றிப்போன கிணற்றோரம் சும்மா கிடந்த மோட்டார் கொட்டாய்ப் பரணில் என்னையே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

பெருவிழா அன்றைக்கு முன்வரிசையில் ஒன்பது பல் விழுந்த மாதிரி ஓட்டை. சாமியார் கேட்டார், எங்கே குழாய் என்று. மாஸ்டர் யார் பேரையும் சொல்லவில்லை. அதுதான் அவர் சாமர்த்தியம். "மெத்தைச் சாவி என்கிட்ட ஒண்ணு, காத்தடிக்கிறவன்கிட்ட ஒண்ணு" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. ஈயம் என்றால் மீன்வலைக் குண்டுக்கு உருக்குவார்கள், கடலோரம் பூரணாங்குப்பம் பக்கம் விற்றிருப்பான் என்று ஒருவன் சொன்னான். விற்றதைப் பார்த்தேன் என்று இன்னொருவன் சொன்னான். சாமியார் அறையில் உங்கப்பாவை உட்கார வைத்துக் கேட்டார்கள். நான் எடுக்கவில்லை சாமி என்று திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாராம். சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. "நீ அந்த வூட்ல வேல பாக்குற. குழாயப் பத்தி எதுனா காதுல வுழுந்துச்சா?" என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, உதவி கேட்கிற மாதிரிதான் கேட்டார். என் நகத்துக்குள் செங்கல்தூள் இன்னும் போகவில்லை. நான், "இல்ல" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு கைகால் கழுவப் போனார். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருநாள் இல்லை ஒருநாள் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. அதுவும் பொய்தான். கல்யாணம் ஆகப் போகிற பையன் நீ, அதனால் சொல்கிறேன். நாளைக்கு உன் பெண்டாட்டி வாசலில் நின்று உனக்குத் தெரியுமா என்று ஏதாவது கேட்டால், தெரிந்ததைச் சொல்லிவிடு. அடியோ கேஸோ எது வந்தாலும் இரண்டு பேராக வாங்கிக்கொள்ளலாம். நான் அவரைத் தனியாக வாங்கிக்கொள்ள விட்டேன்.

அதற்கப்புறம் காற்றடிக்க வேறொரு ஆளைப் போட்டார்கள். அவனுக்குக் கரிக்கோடு தெரியவில்லை. ஒரு வருடம்கூட ஆகவில்லை, குண்டு கீழ்க் கோட்டைத் தாண்டி இறங்க இறங்க அடித்து, நடுப்பூசையில் தோல் கிழிந்து போனது. கோயில் முழுக்கக் கிழிகிற சத்தம் கேட்டது என்றார்கள். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஆர்கனைப் பூட்டிவிட்டு கீபோர்டு வாங்கினார்கள். உங்கப்பா நெட்டப்பாக்கம் பக்கம் கரும்பு வெட்டப் போனார். பூசைக்கு மட்டும் விடாமல் வருவார், உள்ளே வராமல் வெளியே மாதா சுரூபம் இருக்கிற கெபி பக்கத்தில் நிற்பார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்பார். நீயும் நம்பினாய்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் செத்தபோது மாஸ்டர் மாலையோடு வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உன் தோளில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "உங்கப்பன நான் எப்பவோ மன்னிச்சிட்டேன், தம்பி" என்றார். நீ அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழுகை நின்றுவிட்டது. திருடாதவனை, திருடவில்லை என்று தெரிந்த ஒரே ஆம்பிளை, பிணத்தின் முன்னால் மன்னிக்கிறான். அந்தக் கணத்திலிருந்து நான் துக்கத்தில் இல்லை. இந்த மனுஷன் உயிரோடு இருக்கும்போதே, கண் தெரிந்து காது கேட்டுக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசையில் வைத்து இவன் முகத்தைக் கிழிக்க வேண்டும் என்று மட்டும்தான் இருந்தேன். மாஸ்டருக்குச் சளி பிடித்தது என்று கேள்விப்பட்டால்கூட, நான் பேசுகிற வரைக்கும் ஆயுசு கொடு என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். சிரிக்காதே, நிஜமாகவே மெழுகுவத்தி ஏற்றினேன்.

பேச வழி தெரியவில்லை. விதவை உளறுகிறாள் என்று போய்விடுவார்கள். வழி கோயில் பக்கமிருந்தே வந்தது. ஆர்கன் ரிப்பேருக்கு வந்தவர், பழைய குழாய் ஒன்றாவது கிடைத்தால் அளவெடுத்துப் புதிதாகச் செய்யலாம், உடைந்திருந்தாலும் பரவாயில்லை என்றாராம். ஃபாதர் அதைப் பூசையில் அறிவித்தார்: எடுத்துக்கொண்டு போனவர்களோ, அவர்கள் வீட்டாரோ, பேர் சொல்ல வேண்டாம், கெபியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், யாரும் கேட்க மாட்டோம். நல்ல மனுஷன், இந்த ஊருக்குப் புதுசு, நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். கோயில் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. குழாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எடுத்துக்கொண்டு போய் வைத்தால், திருடன் பெண்டாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று ஆகிவிடும். ஒளித்த மாஸ்டர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அன்றைக்கே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

மாஸ்டரம்மா செத்துப்போய் அவர் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். போனதுதான் போச்சே, என்னிடம் ஏது என்றார். "மோட்டார் கொட்டாய்ப் பரண்ல கீது. வெச்சதே நான்தான்" என்றேன். டிவியை நிறுத்தினார். செத்தவன் திரும்பி வருவானா, உன் பிள்ளை பாலிடெக்னிக்கில் யார் எழுதிக் கொடுத்த லெட்டரில் சேர்ந்தான் என்று யோசித்துப் பார் என்றார். ஆமாம், நைனா, அந்த லெட்டர் அவர் எழுதியதுதான். அது உனக்குச் செய்த உபகாரம் இல்லை, என் வாய்க்குப் போட்ட தாழ்ப்பாள். வாங்கிக்கொண்டது என் அடுத்த தப்பு. கடைசியில் குரலை இறக்கி, "தேச்சது நீதானே" என்றார்.

"ஆமா, நான்தான். அத நான் சொல்றேன். நீங்க ஒளிச்சத நீங்க சொல்லுங்க."

"நான் போனப்புறம் சொல்லிக்க. சாவப்போற நேரத்துல அசிங்கப்படுத்தாத."

"போனப்புறம் சொன்னா உங்களுக்கு எப்டி கேக்கும், மாஸ்டர்" என்று கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தவணை கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஃபாதர் அறிவிப்பு வாசித்து முடித்ததும் நான் எழுந்தேன். குழாயைக் கெடுத்தது நான், ஒளித்து வைக்கச் சொன்னது மாஸ்டர், என் புருஷன் அதைத் தொடவே இல்லை, பரணில் இருக்கிறது, நான் கை வைக்க மாட்டேன், வேண்டியவர்கள் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். ஃபாதரும் ரிப்பேர்காரரும் வந்தார்கள், பின்னால் பாதிக் கோயில் வந்தது. சாவி நிலைக்கு மேலேயே இருந்தது. நான் வரப்பிலேயே நின்றுகொண்டேன். மூட்டையை வெளியில் கொண்டுவந்து பிரித்தார்கள். பெட்ஷீட் மூலையில் மாஸ்டர் வீட்டுச் சலவைக் குறி, மூன்று புள்ளியும் ஒரு கோடும், மையில் போட்டது அப்படியே இருந்தது. வெளுக்கிறவர் குடும்பத்து ஆளே கூட்டத்தில் இருந்தார், எங்கப்பா போட்ட குறி என்றார். ரிப்பேர்காரர் ஒரு குழாயின் வாயை நகத்தால் சுரண்டினார், சிவப்பாக உதிர்ந்தது. "இத பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிருக்காங்க. திருடினவன் எதுக்குத் தேய்க்கிறான்" என்று அவர் பாட்டுக்குச் சொன்னார். பாட்டுக் குழுவில் பாடுகிற கிழவி ஒருத்தி என் கையைப் பிடித்து, எனக்கு அப்பவே தெரியும் என்றாள். "தெரிஞ்சா அப்ப வாய்ல இன்னா வெச்சிருந்த" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே சுருக்கென்றது.

மாஸ்டர் கோயிலை விட்டு வரவில்லை. நாங்கள் திரும்பிப் போனபோதும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யாரும் இல்லை. பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். பாவமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. சாயங்காலம் ஃபாதர் நம் வீட்டுக்கு வந்து, மாஸ்டர் அழுதார், பரிகாரமாக உன் மகன் கல்யாணத்துக்கு வாசிக்கிறேன் என்கிறார், நீயும் மன்னித்துவிடம்மா என்றார். வாசிப்பது அவருக்குச் சந்தோஷம் ஃபாதர், சந்தோஷத்தை எப்படித் தண்டனையாகக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். கன்னிகையர் மடத்தில் வாசிக்கத் தெரிந்த ஒரு சிஸ்டர் இருக்கிறார், உன் கல்யாணத்துக்கு அவர் வாசிக்கட்டும். அந்த ஆளின் விரல் உன் கல்யாணப் பாட்டைத் தொட்டால் நான் உள்ளே வர மாட்டேன், இது சத்தியம்.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். ஃபோனில் வேண்டாம், நேரில் வந்து கேள், எத்தனை நாள் ஆனாலும் கேள், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் நான் சொல்லாமல் இருந்ததையும் மாஸ்டர் செய்ததையும் ஒன்றாகக் கட்டி, எல்லார் மேலும் தப்பு, விட்டுவிடலாம் என்று மட்டும் வராதே. நான் பயந்தேன். அவருக்கு என்ன பயம், கொல்லையும் பேரும் சாமியாரும் அவர் பக்கம் இருந்தார்கள்.

அடுத்த வாரம் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். உங்கப்பா பேருக்கு முன்னால் 'அமரர்' என்று மட்டும் போட்டு விட்டுவிடாதே. பொண்ணு வீட்டில் அவளுடைய அப்பா பேருக்குக் கீழே 'ஆசிரியர், பணி நிறைவு' என்று போடுகிறார்கள் அல்லவா, அதே எழுத்து, அதே அளவில், உங்கப்பா பேருக்குக் கீழே 'நமது ஆலய ஆர்கனுக்குப் பதினாறு ஆண்டுகள் காற்றடித்தவர்' என்று போடு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நீயே சூசை மாஸ்டர் வீட்டுக்குப் போ. உட்காரச் சொன்னால் உட்காராதே. பத்திரிகையைக் கையில் கொடுத்து, சத்தமாகப் படிங்க மாஸ்டர் என்று சொல். கண்ணாடி தேடுவார், தேடட்டும். அந்த வரியை அவர் வாயால் படித்து முடிக்கிற வரைக்கும் நீ அந்த வீட்டை விட்டு வெளியே வராதே.

இப்படிக்கு
உன் அம்மா